ஸ்பிரிங் பெட்டியை உதைத்தது யார்

கோஸ்டா மேசாவில் ரூபன் எஸ்கோபெடோ என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. உதைகால் ரூபன் என்று கேட்டால் கார் கழுவுகிற பையன்கூட வழி காட்டுவான். பால் கறக்கும்போது சொம்பைத் தட்டிவிடுகிற மாட்டுக்கு வைக்கிற பெயரை ஒரு மனிதனுக்கு வைத்து, அதை ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். வைத்தவர் டென்னி ஹால்வர்சன். ரூபனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், குழுவின் தலைவர், முன்கிடார். இப்படி ஒரு சிநேகிதர் இருந்தால் விரோதி எதற்கு?

குழுவின் பெயர் டோரிமென். வாய்ப்பாட்டு கிடையாது. இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம், அவ்வளவுதான். அலை எழும்பிக் கரையில் உடைகிற மாதிரி வாசிப்பார்கள். அலைச் சறுக்குப் பலகையோடு திரிகிற பிள்ளைகள் அதற்கு விடிய விடிய ஆடும். வாசித்த நால்வரில் மூவருக்கு ஒழுங்காக நீந்த வராது என்பதை யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

அந்த இசைக்கு உயிர்நாடி ஒரு மரப்பெட்டி. உள்ளே நீள நீளமாக ஸ்பிரிங்குகள். கிடாரின் சத்தம் அதற்குள் போய்விட்டு வந்தால் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி சொட்டச் சொட்ட வரும். ஆனால் பெட்டியை யாராவது இடித்துவிட்டால் போச்சு. ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி, டமார் என்று இடி விழும்.

1964-இல் சாண்டா ஆனாவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அந்த இடி விழுந்தது. பெயர்கூட வைக்காத ஒரு புது மெட்டு. மூன்றாம் தடவை வாசிக்கும்போது டென்னிக்குச் சாமி வந்துவிட்டது. ஒரே கம்பியைத் தையல் மிஷின் மாதிரி தட்டிக்கொண்டே போகிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிக்கார்டு கம்பெனி ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், கடைசி அடி நெருங்குகிறது. டமார். எல்லாம் நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் ரூபன் ஒருவர்தான். காலில் அன்றைக்குத்தான் வாங்கிய கூர்மூக்கு ஷூ. வேறு சாட்சி எதற்கு? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, மாட்டிக்கொண்டது காக்கை.

"நான் உதைக்கல" என்றார் ரூபன். அன்றைக்குச் சொன்னதை அவர் நிறுத்தவே இல்லை. ஸ்டுடியோ நேரம் முடிந்து போயிற்று, அந்த மெட்டு வெளிவரவில்லை, கம்பெனி ஆள் வேறு குழுவைப் பிடித்துக்கொண்டார். டென்னி நீச்சல் குளத்துக்கு ஓடு விற்கப் போனார். சனி ஞாயிறுகளில் வாசிப்பு தொடர்ந்தது. ஒவ்வொரு மேடையிலும் முதல் உருப்படிக்கு முன்னால் டென்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடையின் மறுகோடியில் வைப்பார். அதைச் சுற்றித் தரையில் வெள்ளை டேப் ஒட்டுவார். ரூபனைப் பார்த்து விரலை ஆட்டுவார். கூட்டம் சிரிக்கும். ரூபனும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் ரோசக்காரன் என்பார்களே.

ரூபனுடைய மகளின் கல்யாணத்தில் வாழ்த்திப் பேச எழுந்தபோதும் டென்னி இந்தக் கதையைத்தான் சொன்னார். ரூபனின் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மகனின் கையைப் பிடித்து, "உதைச்சிருந்தா உதைச்சேன்னு சொல்லிடுடா, மனசு லேசாயிடும்" என்றார். ஊரே சொன்னதைப் பொறுத்துக்கொண்ட ரூபனுக்கு அதுமட்டும் இன்னும் ஆறவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆன்னெலி வந்தாள்.

ஆன்னெலி பின்லாந்துக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. வருஷத்தில் பாதி நாள் கடல் உறைந்து கிடக்கிற அந்த நாட்டில் இந்த அலை இசைக்கு உயிரை விடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காக ஒரு சின்ன ரிக்கார்டு கம்பெனி நடத்துகிறாள். டோரிமென் வாசித்து, வெளியே வராமல் போனதையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு போடப்போகிறாளாம். அபூர்வத் தொகுப்பு என்றாள். அந்தக் காலத்தில் யாரும் சீந்தாமல் மூலையில் போட்டதற்கு இந்தக் காலத்தில் அபூர்வம் என்று பெயர்.

ஒரு சனிக்கிழமை காலை டென்னியின் கார் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். டென்னி, ரூபன், டிரம் அடிக்கிற ஸ்கிப், ரூபனின் மனைவி எஸ்தெலா. பேஸ் வாசித்த மார்வ் செத்துப் பல வருஷமாயிற்று. எஸ்தெலா ஒரு அண்டா நிறையத் தமாலே, அதாவது சோளமட்டையில் பொதிந்த மாவுக் கொழுக்கட்டை, அவித்துக் கொண்டுவந்திருந்தாள். ஆன்னெலி மட்டையோடு கடித்துவிட்டு, யாரும் திருத்துவதற்குள் மென்று விழுங்கியும் விட்டாள்.

தொகுப்பில் எதைச் சேர்ப்பது என்று பேச்சு ஓடியது. கார் கழுவும் கடைக்கு வாசித்த விளம்பரம். கிறிஸ்துமஸுக்காகக் குதிரைமணி கட்டிக்கொண்டு வாசித்த ஒன்று. நடுவில் டென்னியின் நாய் குரைக்கிற ஒன்று. டென்னி எல்லாவற்றையும் திரும்ப வாசித்துத் தருகிறேன் என்று கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்த நாய் மட்டும் வேணாம்மா. அத நீக்கிட்டு நான் சுத்தமா வாசிச்சித் தர்றேன்."

"வேண்டாம்" என்றாள் ஆன்னெலி. "நாய் நல்லாக் குரைக்குது."

அவள் ஒரு பேச்சுக்கு ஒரு வார்த்தைதான் செலவழிப்பாள். பையிலிருந்து ஒரு பெரிய டேப் சுருளை எடுத்து மேசையில் வைத்தாள். சாண்டா ஆனா ஸ்டுடியோக்காரரின் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் அகப்பட்டதாம். அந்தப் பெயரில்லாத மெட்டின் அசல் டேப். டென்னியிடம் இருந்தது அன்றைக்கு வெட்டிக் கொடுத்த ஒரு இசைத்தட்டு மட்டும்தான். டமார் விழுந்ததோடு அது முடிந்துவிடும். யாரோ அதை நகல் எடுத்து, நகலை நகல் எடுத்து, அது எப்படியோ பின்லாந்துக்குப் போயிருக்கிறது.

"இதுக்காகத்தான் வந்தேன்" என்றாள் ஆன்னெலி. "தொகுப்புல முதல் உருப்படி இதுதான்."

டென்னியின் முகம் சுருங்கியது. "அது வேணாம்மா. கடைசில இந்த உதைகால் எல்லாத்தையும் கவுத்துட்டான். கேட்டா எனக்கு இன்னும் வயிறு எரியும்."

"அந்த டமார் இருக்கே" என்றாள் அவள், நிதானமாக, "அதுதான் உங்க குழு வாசிச்சதுலேயே சிறந்த விஷயம். அலை தூக்கிட்டே வந்து கரையில உடைஞ்சு நின்னுடுது. அப்படி முடிக்க வேற யாருக்கும் தோணல. எங்க ஊர்ல பசங்க அந்த ஒரு சத்தத்துக்காக ஸ்பிரிங் பெட்டிய உதைச்சு உதைச்சுப் பழகறாங்க. அட்டையில தனியா ஒரு வரி போடப்போறேன். டமார் கொடுத்தது இன்னார்னு. யார் அது?"



ரூபன் வாயைத் திறந்தார். அதற்குள் டென்னி முந்திக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

ரூபனுக்குத் தன் காது தன்னை ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது.

"நான்தாம்மா குழுத் தலைவன்" என்று டென்னி தொடர்ந்தார். வயிற்றெரிச்சல் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. "முடிவு பலமா இருக்கணும்னு எனக்குள்ள ஒரு யோசனை ஓடிட்டே இருந்துச்சு. வாசிச்சிட்டே அப்படியே காலை நீட்டினேன்."

"நீ ரூமோட அந்தப் பக்கம் நின்ன" என்றார் ஸ்கிப். "அங்கேருந்து நீட்டறதுக்கு உனக்குக் காலா, ஏணியா? அது என் டிரம்மோட அதிர்வு. நான் அடிச்ச அடியில தரை குலுங்கிப் பெட்டி ஆடிடுச்சு. என் பேரப் போடும்மா. ஸ்கிப்புக்கு ரெண்டு 'ப்'."

"உன் அடியில தரை குலுங்கிச்சா? நீ அடிச்சா ஈகூட எழுந்திருக்காது" என்றார் டென்னி.

"சரி, அப்ப மார்வ் பேரப் போட்டுடலாம். செத்தவன் பேர்ல போட்டா சண்டை இல்ல."

ரூபன் எழுந்து நின்றுவிட்டார். எழுபதை நெருங்கும் மனிதர், முட்டி வலிக்காரர், சாதாரணமாக எழுவதற்கு எஸ்தெலா கை கொடுக்க வேண்டும். இப்போது தானாக எழுந்தார்.

"ஐம்பது வருஷமா அது நான்" என்றார். "கல்யாணத்துல நான். மேடையில நான். எங்க அப்பா சாகறப்ப நான். இன்னிக்கு ஒருத்தி வந்து நல்லா இருக்குன்னு சொன்னதும் அது நீயா?"

டென்னி கொஞ்சமும் கூசவில்லை. "டேய், நீயேதான உதைக்கலன்னு சொன்ன? ஒரு நாளா ரெண்டு நாளா? எஸ்தெலா, நீ சொல்லு, இவன் சொன்னானா இல்லையா?"

எஸ்தெலா பொய் பேச மாட்டாள். அது அவளிடம் உள்ள ஒரே குறை. "தூக்கத்துல கூடச் சொல்லுவார்" என்றாள்.

"பாத்தியா. பொண்டாட்டியே சாட்சி. உதைக்கலன்னு சொன்னவன் பேர எப்படிம்மா அட்டையில போடறது? அது நியாயமா?"

பழிக்கு ஆள் வேண்டுமென்றால் ரூபன், புகழுக்கு ஆள் வேண்டுமென்றால் டென்னி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? ரூபன் அரை நூற்றாண்டாக இந்தக் குழுவில் பின்கிடார் வாசிக்கிறார். ஜிக்கு ஜிக்கு என்று அவர் போடுகிற தாளம் இல்லாவிட்டால் டென்னியின் அலை குட்டையில் கல் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தட்டிலாவது, ஒரு மெட்டுக்காவது அவர் பெயர் தனியாக வந்ததில்லை. இப்போது ஒரு வரி வரப்போகிறது. அந்த வரியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வெறும் ஆசை இல்லை, பசி மாதிரி வந்தது.

"நான்தான் உதைச்சேன்" என்றார் ரூபன்.

எஸ்தெலா தட்டைக் கீழே வைத்தாள். "கிழவா, என்ன சொல்ற?"

"ஆமா, உதைச்சேன். வேணும்னேதான் உதைச்சேன். இத்தனை நாளாப் பொய் சொன்னேன். ஆன்னெலி, எழுதிக்கங்க. எஸ்கோபெடோ."

"இப்பதாண்டா பொய் சொல்ற" என்றார் டென்னி. ஐம்பது வருஷமாக உதைத்தான் உதைத்தான் என்று சொன்னவர், ரூபனே அதை ஒப்புக்கொண்டபோது நம்ப மறுத்தது அவருக்கு வேடிக்கையாகவே படவில்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு உதைக்கு மூன்று கால்கள் வந்து நின்றன. ஆன்னெலி யாரையும் சமாதானப்படுத்தவில்லை. எழுந்து போய், மூலையில் இருந்த பழைய டேப் மிஷினில் சுருளை மாட்டினாள்.

"கேக்கலாம்" என்றாள்.

மெட்டு ஓடியது. சண்டை அப்படியே அடங்கியது. இருபது வயதுகூட ஆகாத நான்கு பேர் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள் பாய்ந்துகொண்டிருந்தார்கள். டென்னியின் கிடார் ஏறியது, மார்வின் பேஸ் கீழேயிருந்து தள்ளியது. ரூபனின் தாளம் எல்லாவற்றுக்கும் அடியில், கல் மாதிரி நின்றது. நன்றாகத்தான் வாசித்திருக்கிறோம் என்று நினைத்தபடி ரூபன் தொடையில் தாளம் போட்டார். டமார் விழுந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தட்டு இந்த இடத்தில் முடிந்துவிடும். டேப் முடியவில்லை.

"டேய், எருமை, உதைச்சிட்டியேடா" என்று இளம் டென்னி கத்துவது கேட்டது.

"நான் உதைக்கல" என்றது மெல்லிய ஒரு குரல். தன் குரல் அவ்வளவு சின்னப் பையன் குரலாக இருந்ததா என்று ரூபன் ஆச்சரியப்பட்டார்.

"விடு அவனை, சட்டையை விடு" என்றது ஸ்கிப்பின் குரல். நாற்காலி ஒன்று சாய்ந்தது. இந்தக் கூச்சலுக்கு நடுவே, பின்னால், ஜர்ர்ர் என்று ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் ஸ்கிப் கையைத் தூக்கினார். "இருங்க. அது என் டிரம்முக்கு அடியில இருக்கற கம்பி. அது ஏன் அதிருது? நான் எழுந்து போய் டென்னியப் பிடிச்சிட்டு இருக்கேனே. அங்க யாரு உக்காந்து அடிக்கறா?"

டேப்பில் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்றன. பிறகு இரண்டாவது முறையாக, கொஞ்சம் சின்னதாக, டமார். டென்னியின் கையில் ரூபனின் சட்டைக் காலர் இருக்கும்போது, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லாதபோது.

அப்புறம் ஸ்டுடியோக்காரரின் குரல், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் வந்தது. "பசங்களா, சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. எல்லாரும் வாசல் நிலைக்கு அடியில வந்து நில்லுங்க. நிலம் ஆடுது."

உடனே இளம் டென்னியின் பதில், கணீரென்று: "நிலம் ஆடினா ஆடட்டும் சார். இவன் ஏன் உதைச்சான்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க."

அதோடு டேப் ஓடித் தீர்ந்து, அதன் நுனி சுழன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

எஸ்தெலாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட. ஸ்கிப்புக்கும் தொற்றிக்கொண்டது. நிலம் அடிக்கடி ஆடுகிற இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் கட்டில் லேசாக அசைந்தாலே தெரியும். தூக்கத்திலேயே எண்ணிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். சொந்த ஊர் நிலநடுக்கத்தையே கவனிக்காமல் அதற்கு நடுவில் நின்று ஒரு ஷூவுக்காகச் சண்டை போட்ட நால்வர் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

"சின்ன ஆட்டமாத்தான் இருக்கும்" என்றார் ஸ்கிப், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா ஸ்டுடியோக்காரர் மைக்குலேயே சொல்லியிருக்காரு, பாவம். இந்த டென்னி பூமிக்கே பதில் சொல்லியிருக்கான் பாரு."

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றார் டென்னி. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இன்னொண்ணு பாத்தியா?" ஸ்கிப் விடவில்லை. "இந்த ரூபன் ஐம்பது வருஷமா உண்மையே பேசியிருக்கான். சரியா அஞ்சு நிமிஷம் முன்னாடி வாயத் தொறந்து பொய் சொன்னான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா அரிச்சந்திரனா ஆயிருப்பான்."

ரூபன் சிரிக்கவில்லை. இந்த நாளை அவர் எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறார். அதில் எல்லாம் அவர் எழுந்து நின்று பெரிதாகப் பேசுவார், கூட்டம் தலைகுனியும். இப்போது நடந்தே விட்டது. அப்பா இல்லையே என்று மட்டும் தோன்றியது.

"அப்ப டமார் கொடுத்தது நிலம்" என்றாள் ஆன்னெலி. எழுதிக்கொண்டாள். "நல்லது. அதுக்குக் கையெழுத்து வாங்க வேண்டியதில்ல."

"ஆச்சு, விவகாரம் தீந்தது" என்று டென்னி சட்டென்று கிடாரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "வாங்க, கடற்கரைப் பக்கம் போய் மீன் டாக்கோ சாப்பிடலாம். தமாலே ஆறிப்போச்சு."

"உக்காரு" என்றார் ரூபன்.

டென்னி உட்கார்ந்தார். ரூபன் இதுவரை அவரை உட்காரச் சொன்னதில்லை; அதனாலேயே உட்கார்ந்தார்.

"என்கிட்ட நீ ஒண்ணு சொல்லணும்."

"சொல்றதுக்கு என்னடா இருக்கு? எல்லாரும் கேட்டாச்சே." டென்னி கிடாரின் கழுத்தைத் துடைத்தார், அதில் தூசியே இல்லை. திடீரென்று முகம் மலர்ந்தது. "இரு, ஒரு யோசனை. இந்த மெட்டுக்குப் பேரே வெக்கலியே. 'ரூபன் உதைக்கவில்லை'ன்னு வெச்சிடலாம். தொகுப்புக்கே அதான் பேரு. பெரிய எழுத்துல, அட்டை முழுக்க. எப்படி?"

ஆன்னெலி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"இத்தனை நாளும் இந்த ஊருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்" என்றார் ரூபன். "இனிமே பின்லாந்துல ஒருத்தன், ஜப்பான்ல ஒருத்தன், அட்டையப் பாத்துட்டு, 'யாரு இந்த ரூபன், எதை உதைச்சிருப்பான்'னு யோசிப்பான். உதைக்கலன்னு ஊரெல்லாம் எழுதி வெக்கறவனைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. அட்டை வேண்டாம். நீ வாயால சொல்லு."

"அதான் சொன்னனே, பேரே வெச்சி..."

"அவனுக்கு வாயில வராது" என்றாள் எஸ்தெலா. "அதான் அட்டைமேல ஏத்தறான்."

டென்னி ஸ்கிப்பைப் பார்த்தார். ஸ்கிப் தமாலேயைப் பார்த்தார். ஆன்னெலி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்; காத்திருப்பதில் அந்த ஊர்க்காரர்களை யாரும் ஜெயிக்க முடியாது.

"நீ உதைக்கல" என்றார் டென்னி, தரையைப் பார்த்து.

"என்ன?" ரூபன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். இத்தனை வருஷம் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்ற காது; யாரும் சந்தேகப்படவில்லை.

"நீ உதைக்கலடா."

"சரியாக் கேக்கல, டென்னி. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

டென்னி கிடாரைக் கீழே வைத்தார். எழுந்து ரூபனுக்கு எதிரே வந்து நின்றார். தெருவில் நாயை நடத்திக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். "நீ உதைக்கல, ரூபன்" என்றார் டென்னி, மேடையில் பேசுகிற குரலில், ஆனால் மேடையில் இல்லாத ஒரு நடுக்கத்தோடு. "நீ அன்னிக்கே சொன்ன. நான் கேக்கல. உன் பொண்ணு கல்யாணத்துலயும் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உங்க அப்பா முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

ரூபனின் கண்கள் நிறைந்துவிட்டன. துடைக்கவில்லை. முதல் தடவை சொன்னபோதே அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார்.